செவ்வாயில் உயிர் இருந்ததா? – முடியாத வழக்கு

செவ்வாய் என்றதும் உங்களில் பலருக்கு ஜாதகக் கட்டமும், பெண்ணுக்கு வரன் தேடி அலைந்த நாட்களும் நினைவுக்கு வரலாம். அந்தச் செவ்வாயை ஜோசியரிடமே விட்டுவிடுவோம். இரவில் முற்றத்தில் நின்று பார்த்தால் செம்பொட்டுப் போல ஒளிர்கிறதே, அந்த நிஜச் செவ்வாயைப் பற்றித்தான் இந்த முறை பேசப் போகிறேன். அங்கே எப்போதாவது உயிர் இருந்ததா என்று விஞ்ஞானிகள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக வழக்காடி வருகிறார்கள்.

உயிர் என்றால் சினிமாவில் வரும் பச்சை மனிதனை எண்ணிக்கொள்ளாதீர்கள். இட்லி மாவைப் புளிக்க வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் இருக்கின்றனவே, அந்த ஜாதியைப் பற்றித்தான் பேச்சு.

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா அனுப்பிய வைக்கிங் கலங்கள் இரண்டு, ஜூலையில் ஒன்றும் செப்டம்பரில் ஒன்றுமாகச் செவ்வாயில் இறங்கின. அங்கிருந்த மண்ணை அள்ளி, ஒரு சிறு கூண்டில் இட்டு, சத்துநீர் சில சொட்டுகள் விட்டன. மண்ணில் கிருமி இருந்தால் சத்தைத் தின்று வாயுவை வெளிவிடும் அல்லவா? அந்த வாயுவை அடையாளம் காண, சத்துநீரில் கதிரியக்கக் கரியைக் கலந்திருந்தார்கள். வாயு வந்தது! அதே மண்ணை 160 டிகிரியில் சூடுகாட்டிப் பிறகு சத்துநீர் விட்டபோது வாயு வரவில்லை. கிருமி செத்துப்போனால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

ஆனால், பக்கத்திலேயே இருந்த இன்னொரு கருவி, உயிர்ப்பொருளுக்கு வேண்டிய கரிமச் சேர்மங்கள் மண்ணில் இருப்பதாகக் காட்டவில்லை. உடலே இல்லாத இடத்தில் உயிர் ஏது? மண்ணில் உள்ள ஏதோ ரசாயனம்தான் சத்துநீரோடு வினைபுரிந்தது என்று பெரும்பாலோர் முடிவுகட்டினார்கள். சோதனையை வகுத்த கில்பர்ட் லெவின் மட்டும் ஒப்பவில்லை. 2021இல் கண்மூடும்வரை தம் கட்சியை அவர் விடவில்லை.

அவர் வாதத்திற்கும் இடம் இருந்தது. 2008இல் பீனிக்ஸ் என்ற கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்னும் உப்பைக் கண்டது. அந்த உப்போடு சேர்த்துச் சூடாக்கினால் கரிமப் பொருள் எரிந்து அழிந்துவிடும். வைக்கிங் கருவியோ மண்ணைச் சூடாக்கித்தான் சோதித்தது! வீட்டில் எலி இருக்கிறதா என்று பார்க்க வீட்டையே கொளுத்திவிட்டு, எலியைக் காணோம் என்று சொன்ன கதையாக அது இருந்திருக்கலாம்.

இனி ஒரு கல்லின் கதைக்கு வருவோம். 1984 டிசம்பர் 27ஆம் நாள், அண்டார்டிகாவின் ஆலன் மலைப் பகுதியில், விண்கல் தேடும் குழுவைச் சேர்ந்த ராபர்ட்டா ஸ்கோர் என்ற பெண்மணி பனிமேல் கிடந்த ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பெரிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு அளவு. எடை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வேறு ஏதோ வகைக் கல் என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார்கள். அது செவ்வாயிலிருந்து வந்த கல் என்பது 1993இல்தான் தெரிந்தது. உருவாகி 400 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. செவ்வாயில் ஏதோ ஒரு பெரும் பாறை வந்து மோதியதில், சுமார் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து தெறித்து, விண்வெளியில் அலைந்து, சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் நம் பூமியில் விழுந்தது.

1996 ஆகஸ்டில் நாசாவின் டேவிட் மெக்கே குழுவினர் அந்தக் கல்லில் பழைய உயிரின் தடயம் இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அன்றைய அதிபர் கிளின்டனே வெள்ளை மாளிகையில் நின்று அதைப் பற்றிப் பேசினார். உலகமே பரபரத்தது. அவர்கள் காட்டிய சாட்சிகள் என்னென்ன? நீரில் படிந்த கார்பனேட் உருண்டைகள், கரிமச் சேர்மங்கள், சில கிருமிகள் தம் உடலுக்குள் செய்துகொள்வது போன்ற காந்தத் துகள்கள், பிறகு புழுப்போன்ற உருவங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் பருமன், நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

எதிர்க்கட்சியினர் சும்மா இருப்பார்களா? அந்தக் கரிமச் சேர்மங்கள் அடுப்புக் கரியிலும் உண்டு என்றார்கள். காந்தத் துகளை மோதலின் சூடே உண்டாக்கிவிடும் என்றார்கள். அவ்வளவு சிறிய உடலுக்குள் உயிர்வாழத் தேவையான சரக்குகள் அடங்காது என்றார்கள்.

ரப்பர் மரம் சீவிய கைகளுக்கு இந்தச் சிக்கலைச் சுலபமாக விளக்கிவிடலாம். பால் உறைவதற்கு இரண்டு வழி உண்டு. ஆலையில் ஆசிட் ஊற்றி உறைய வைக்கலாம். ஒன்றும் ஊற்றாமல் மங்கிலேயே விட்டுவிட்டால் கிருமிகள் புகுந்து உறைய வைத்துவிடும். இரண்டும் கட்டிதான். ஒரு கட்டிப்பாலை உங்கள் கையில் கொடுத்தால் நாற்றத்தை வைத்தே எது எது என்று சொல்லிவிடுவீர்கள். 400 கோடி ஆண்டு கழித்து நாற்றத்திற்கு எங்கே போவது?

2022இல் ஆண்ட்ரூ ஸ்டீல் குழுவினர், அந்தக் கல்லில் உள்ள கரிமப் பொருள் நீரும் பாறையும் வினைபுரிந்ததால் வந்தது என்று காட்டினார்கள். ஆக, அந்தக் கல்லை உயிருக்குச் சாட்சியாக இன்று பெரும்பாலோர் ஏற்பதில்லை. 2013இல் காலமான மெக்கேயை இதற்காகப் பரிகசிப்பாரும் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கையில் உள்ளதை மறைக்காமல் எல்லாரும் சோதிக்கட்டும் என்று முன்வைத்தவர் அவர்.

வழக்கில் இப்போது புதிய சாட்சி ஒன்று வந்திருக்கிறது. 2021 முதல் செவ்வாயில் ஊர்ந்து திரியும் பெர்சவரன்ஸ் வண்டி, 2024 ஜூலையில், ஆறு ஓடிய ஒரு பழைய பள்ளத்தாக்கில் ஒரு பாறையைக் கண்டது. செயாவா பால்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஒரு காலத்தில் சேறாகக் கிடந்து இறுகிய பாறை அது. அதில் சிறுத்தையின் தோலில் இருப்பது போன்ற புள்ளிகள். அவற்றில் விவியனைட், கிரெய்கைட் என்னும் இரும்புத் தாதுக்கள் இருப்பதாகத் தெரிகிறது. நம் பூமியில், சேற்றுக்கடியில் கிருமிகள் மக்கிய பொருளைத் தின்னும் இடங்களில் இவை உண்டாவது வழக்கம். உயிரில்லாமலும் உண்டாகலாம், ஆனால் அதற்குப் பொதுவாக நல்ல சூடு வேண்டும். இந்தப் பாறையோ அப்படிச் சூடுபட்டதாகத் தெரியவில்லை. 2025 செப்டம்பரில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டவர்கள், உயிர்த்தடயமாக இருக்கக்கூடும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். 1996இல் பட்ட சூடு நினைவிருக்கிறது போலும்!

இதற்கெல்லாம் ஏன் இத்தனை பாடு என்று கேட்பீர்கள். ஒரு சூரியனைச் சுற்றும் இரண்டு கிரகங்களில் தனித்தனியே உயிர் முளைத்திருந்தால், கணக்கற்ற விண்மீன்களைச் சுற்றும் உலகங்களிலும் அது முளைத்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. இல்லை என்றால், நாம் தனியாக இருக்கிறோமோ என்ற ஐயம் மிஞ்சும்.

அந்தப் பாறையைத் துளைத்து, கரும்பலகையில் எழுதும் சாக்குக் கட்டி அளவுக்கு ஒரு துண்டு எடுத்துக் குழாயில் அடைத்திருக்கிறார்கள். அதைப் பூமிக்குக் கொண்டுவந்து, பெரிய கூடங்களில் வைத்து அணு அணுவாகச் சோதித்தால்தான் உண்மை விளங்கும். சேகரித்த குழாய்களையெல்லாம் கொண்டுவர 1,100 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கணக்குச் சொன்னதும் 2024இல் நாசாவே மலைத்து, வேறு வழி தேடத் தொடங்கியது. துண்டு இன்னும் வண்டியோடு செவ்வாயிலேதான் இருக்கிறது.