சைக்கிள் வித்தை பழகும் பிள்ளைக்குக் கூட யார் இருக்கிறார்கள்?

நீங்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொண்ட நாளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்த வண்டி. உயரம் போதாமல் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். பின்னால் கேரியரைப் பிடித்துக் கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தது யார்? அண்ணனா, மாமாவா, அடுத்த வீட்டுப் பையனா? யாரோ ஒருத்தர் கட்டாயம் இருந்திருப்பார். ‘விட்டுடாதே, விட்டுடாதே’ என்று நீங்கள் கத்திக் கொண்டே போக, அவர் எப்போதோ கையை எடுத்திருப்பார்!

அப்படிக் கற்றுக் கொண்ட நாம்தான், நம் பிள்ளை சைக்கிளில் வித்தை பழகுகிறான் என்றால், அவன் கூட யார் போகிறார்கள் என்று கேட்பதில்லை. ‘எதுக்குடா இந்த வேண்டாத வேலை?’ என்று மட்டும் கேட்கிறோம். பிள்ளை என்ன செய்வான்? யாரும் பார்க்காத இடமாகத் தேடிப் போகிறான்.

அப்படிப் போன ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

கோடை விடுமுறை. இரவு எட்டு மணி, வைத்தியசாலையை மூடுகிற நேரம். ஒரு அம்மா பதினைந்து வயது மகனை அழைத்து வந்தார். “மத்தியானத்துலேருந்து வயித்து வலிங்கய்யா. சூட்டு வலியா இருக்கும்னு தொப்புள்ல விளக்கெண்ணெய் வெச்சேன், கேக்கல” என்றார். நானும் நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். மருந்து எழுதப் பேனாவை எடுத்தும் விட்டேன். உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அப்போதுதான் பையன் மெதுவாக, “இந்தத் தோளும் வலிக்குது சார்” என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினான். வயிற்று வலிக்கு வந்தவனுக்கு இடது தோளில் ஏன் வலி? முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வை. சட்டையைத் தூக்கச் சொன்னேன். இடது விலாவுக்குக் கீழே, பழைய ரூபாய்க் காசு அளவுக்கு, வட்டமாகக் கன்றிப் போயிருந்தது.

“தம்பி, எங்கே விழுந்தே?”

அவன் அம்மாவைப் பார்த்தான். நான் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். பிறகு கதை வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த அரிசி ஆலை. அதன் சிமென்ட் களத்தில் மூன்று மாதமாகத் தனியாகப் பழகிக் கொண்டிருக்கிறான். செங்கல் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, தன்னையே படம் எடுத்துக் கொள்வான். அன்று ஒரு குட்டிச் சுவரின் மேல் வண்டியோடு ஏறும்போது முன் சக்கரம் வழுக்கி, ஹேண்டில்பார் திரும்பி, அதன் முனை வயிற்றில் குத்தி விட்டது. எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்திருக்கிறான். அந்த ஒரு மணி நேரமும் போன் அவனைப் படம் பிடித்துக் கொண்டே இருந்ததாம்!

உடனே 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஸ்கேனில் மண்ணீரல் கிழிந்திருப்பதும் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருப்பதும் தெரிந்தது. கத்தி வைக்காமலே, படுக்கையில் வைத்து ஒவ்வொரு மணியும் கவனித்துக் காப்பாற்றினார்கள். நான் ஒரு சீரகக் கஷாயத்தைக் கொடுத்து ‘போய்ப் படு, காலையில் பார்க்கலாம்’ என்று அனுப்பியிருந்தால்? அந்தப் பேனாவை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும்.

மகன் வீடு திரும்பியதும் அப்பா என்னிடம் வந்தார். “அந்த வண்டியை எடைக்குப் போட்டுடறேன் ஐயா. சனியன் ஒழிஞ்சுது” என்றார். “அவசரப்படாதீங்க. வண்டியை எடைக்குப் போட்டா வேற வண்டியை இரவல் வாங்குவான். முதல்ல அவனுக்கு ரெண்டு கூட்டாளி தேடிக் குடுங்க” என்றேன். டாக்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல என்னைப் பார்த்தார்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு ‘ஸ்ட்ரீட் டிரையல்ஸ்’ என்று பெயர். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காலைத் தரையில் ஊன்றாமல், சைக்கிளோடு படிக்கட்டில் ஏறுவது, சுவர் விளிம்பில் நிற்பது, ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குத் தாவுவது. முழுக்க முழுக்கச் சமநிலை வித்தை. மோட்டார் சைக்கிளில் பாறை மேல் ஏறும் போட்டி ஐரோப்பாவில் முன்பே உண்டு. ஸ்பெயினில் அந்தப் போட்டியில் பேர் வாங்கிய பெரே பி என்பவர், தன் சின்ன மகன் பழகுவதற்காக மோட்டார் இல்லாத வண்டியில் அதே வித்தையைச் செய்ய வழி பண்ணினார். அந்த மகன் ஓட் பி பிற்பாடு உலக சாம்பியன் ஆனார். அங்கே இந்த ஆட்டத்தை ‘டிரையல்சின்’ என்பார்கள். ‘சின்’ என்றால் ‘இல்லாமல்’. அதாவது மோட்டார் இல்லாத டிரையல். எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், இந்த ஆட்டமே பக்கத்தில் ஓர் அப்பா நின்று பார்க்க வளர்ந்த ஆட்டம்!

அதைத் தெருவுக்குக் கொண்டு வந்து உலகம் முழுக்கப் பார்க்க வைத்தவர் டேனி மக்காஸ்கில். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்தவர். எடின்பரோவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்தார். 2009 ஏப்ரலில், அவருடைய 23-வது வயதில், ஐந்தாறு நிமிடப் படம் ஒன்று இன்டர்நெட்டில் வெளிவந்தது. கூர் கூராக நிற்கும் இரும்பு வேலியின் மேல் சைக்கிள் ஓட்டுவார். கோடிக் கணக்கானவர்கள் பார்த்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் பார்த்திருப்பான்.

பிள்ளை பார்த்தது அந்த ஐந்து நிமிடத்தைத்தான். கேமராவுக்குப் பின்னால் யார் இருந்தார் என்பதை அவன் யோசித்திருக்க மாட்டான். மக்காஸ்கிலோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர்தான் மாதக் கணக்கில் கூடவே சுற்றி அதைப் படம் பிடித்தார். அந்த வேலியிலிருந்து அவர் எத்தனை தடவை விழுந்தார் என்பது அந்த நண்பருக்குத் தெரியும். செங்கல் மேல் சாய்த்து வைத்த போனுக்கு என்ன தெரியும்?

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் மார்ட்டின் ஆஷ்டன். இந்த ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். 2013 செப்டம்பரில் சில்வர்ஸ்டோனில் கூட்டத்துக்கு முன்னால் வித்தை காட்டும்போது முதுகு அடிபட விழுந்தார். இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. அப்போது அவர் நடித்துக் கொண்டிருந்த படம் பாதியில் நின்றது. மீதியை மக்காஸ்கிலும், கிறிஸ் அக்ரிக் என்ற இன்னொரு வீரரும் ஓட்டி முடித்துக் கொடுத்தார்கள். அதே டிசம்பரில் வெளிவந்தது. 2015-ல் அவருக்கென்று இருக்கை அமைத்த வண்டியில் நண்பர்கள் அவரை மலைச்சரிவுக்குத் திரும்ப அழைத்துப் போனார்கள்.

‘கூட ஆள் இருந்தும் விழத்தானே செய்தார்?’ என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. கூட்டாளி இருந்தால் விழ மாட்டான் என்று நான் சொல்லவே மாட்டேன். சமநிலை வித்தை என்றால் விழாமல் வராது. விழுந்த பிறகு அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் வைத்தியனாக எனக்குக் கவலை.

தலையில் அடிபட்டவனுக்குத் தனக்கு அடிபட்டது எவ்வளவு என்று தெரியாது. ‘ஒண்ணும் இல்லை’ என்பான். கேட்டதையே திரும்பக் கேட்பான். வாந்தி எடுப்பான், தூக்கம் வருகிறது என்பான். இதைக் கவனிக்க அடுத்தவர் கண் வேண்டும். அதே போல மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது இயற்கை. கட்டை விரலை நன்றாக விரித்தால் அதன் அடியில் ஒரு குழி தெரியும் பாருங்கள். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? உள்ளே ஒரு சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு அது. கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடும்.

இங்கே என் தரப்பு ஆட்களையே நான் திட்ட வேண்டியிருக்கிறது. ‘சுளுக்குதான்’ என்று சொல்லிப் புதுக் காயத்தில் எண்ணெய் போட்டு உருவி விடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தொக்கணமும் தைலமும் எங்கள் கல்லூரியில் முறையாகச் சொல்லிக் கொடுத்தவைதான். எப்போது செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அடிபட்ட முதல் இரண்டு நாள் உருவுவதும் வேண்டாம், சூட்டு ஒற்றடமும் வேண்டாம். எலும்பு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்த பிறகு வாருங்கள், தைலம் நான் தருகிறேன்.

சின்ன வயதில் எங்கள் ஊர் மைதானத்தில் ஒருவர் ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றினார். குளியல், சாப்பாடு, முகச் சவரம் எல்லாம் வண்டி மேலேதான். நாங்கள் அவரையே வாய் பிளந்து பார்ப்போம். இப்போது எனக்கு ஞாபகம் வருவது அவர் கூட இருந்த இன்னொரு ஆள். விடியற்காலையில் கண் சொருகும் நேரத்தில் அவர் தோளில் ஒரு கையை வைத்துக் கொண்டு, ஏதேதோ பேசியபடி கூடவே நடந்து கொண்டிருப்பார். மைக் செட்டில் அவர் பெயரை யாரும் சொன்னதில்லை.

சரி, கூட்டாளியை எங்கே தேடுவது? இதைப் பழகுகிற தம்பி, தங்கையிடமே சொல்கிறேன். அண்ணாந்து பார்க்க வைக்கிற ஆளைத் தேடாதே. உன்னைப் போலவே தடுமாறுகிற ஒருத்தன் போதும். அவனை எங்கே பிடிப்பது என்றால், முதலில் சைக்கிள் ரிப்பேர் கடை. கியர் சைக்கிள் பார்க்கிற மெக்கானிக்கிடம், ‘பின் சக்கர ரிம்மை அடிக்கடி வளைச்சுக்கிட்டு வர்றது யாருண்ணே?’ என்று கேள். பெயரும் தெருவும் சொல்வார். ரிம் வளைகிறவன்தான் உன் ஆள்! உன் ஊரில் சைக்கிளில் யாருமே இல்லையென்றால், சக்கரப் பலகை விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்களா பார். கோவளம், மாமல்லபுரம் பக்கம் அப்படிப் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். விழுந்து எழுகிற பாஷை அவர்களுக்குத் தெரியும். அதுவும் இல்லையா? சைக்கிளே ஓட்டாத ஒரு சிநேகிதன் வந்து திட்டில் உட்கார்ந்தாலும் போதும். போனை அவன் கையில் கொடு.

வெட்கம்தான் பெரிய தடை, எனக்குத் தெரியும். ‘கொஞ்சம் நல்லா வந்த பிறகு நாலு பேர் முன்னாடி ஓட்டலாம்’ என்று நினைக்கிறாய். அந்தப் பையனும் அப்படித்தான் நினைத்தான். நின்ற இடத்திலேயே கால் ஊன்றாமல் வண்டியை நிறுத்துவது இருக்கிறதே, அதில்தான் இந்த ஆட்டமே ஆரம்பம். அதைப் பழக இரண்டு பேர் எதிரெதிரே நின்று யார் முதலில் காலை ஊன்றுகிறார் பார்ப்போம் என்று ஆடினால் தமாஷாகப் பழகலாம். தனியாக ஆடினால் பத்து நிமிடத்தில் சலித்துப் போகும். சலித்தவன் உடனே சுவர் மேல் ஏறப் பார்க்கிறான்.

எல்லாக் கூட்டாளியும் நல்லவன் இல்லை. ‘டேய், பயமா? குதிடா!’ என்கிறவன் இருக்கிறான். கீழே விழுந்ததும் சிரித்துக் கொண்டு முதலில் போனை எடுக்கிறவன் இருக்கிறான். இவர்களோடு போவதைவிட வீட்டில் இருக்கலாம். உன் கால் நடுங்குவதைப் பார்த்து ‘இன்னிக்குப் போதும், வா டீ குடிக்கலாம்’ என்று சொல்கிற ஒருத்தனைக் கண்டால் விட்டு விடாதே.

பெற்றவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பழகுகிற இடத்துக்கு ஒரு தடவை போய் நில்லுங்கள். புத்திமதி எதுவும் வேண்டாம். கூட வருகிற பையன்களின் பெயரும், அவர்கள் வீட்டு போன் நம்பரும் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள். விழுந்தால் திட்டு கிடைக்காது என்று வாய் திறந்து சொல்லுங்கள். அந்தப் பையன் வயிற்று வலி என்று பொய் சொன்னது வலிக்குப் பயந்து இல்லை, அப்பாவுக்குப் பயந்து.

அவன் மண்ணீரல் நன்றாக ஆறிவிட்டது. மருத்துவமனை டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் வண்டியைத் தொடவில்லை. போன மாதம் அவனே என் வைத்தியசாலைக்கு இன்னொரு பையனைக் கூட்டிக் கொண்டு வந்தான். “இவன் மணிக்கட்டைப் பாருங்க சார். அந்தக் குழியில அழுத்தினா வலிக்குதுங்கறான். எண்ணெய் ஒண்ணும் போடலை” என்றான். எக்ஸ்ரேவுக்கு எழுதிக் கொடுத்தேன். வாசலில் இரண்டு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. எட்டிப் போய் ஹேண்டில்பார் முனைகளைத் தடவிப் பார்த்தேன். ஒரு வண்டியில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருந்தது. இன்னொன்றில் ஒரு பக்கம் இல்லை, வெறும் குழாய். முனை மூடாத அந்தக் குழாய்தான் வயிற்றைக் கிழிப்பது. கடையில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும், போகிற வழியில் வாங்கி மாட்டி விட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டு வண்டியையும் இன்றைக்கே ஒரு தடவை தடவிப் பாருங்கள்.