கல்லில் இருப்பது தண்ணீரில் வரும்!

போன வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பொண்ணு பார்க்க வர்றாங்க டாக்டரய்யா... இந்தப் பல்லுக் கறை போறதுக்கு ஏதாச்சும் பொடி குடுங்க" என்றார். அந்தப் பெண் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டாள்.

என்னிடம் பற்பொடி இருக்கிறது. ஆனால், அந்தக் கறையை எடுக்கும் பொடி இல்லை. பல் உருவாகும் வயதில், குடிநீரில் இருந்த ஃப்ளோரைடு உள்ளேயே ஏறிவிட்ட கறை அது.

தர்மபுரிக்காரர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. எங்கள் பாறையிலேயே ஃப்ளோரைடு உண்டு. போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்க, அதுவும் தண்ணீரோடு மேலே வந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? உங்கள் கையிலிருக்கும் செல்போனுக்காக!

அதன் திரையில் மாலிப்டினம், அதிர்வு தரும் மோட்டாரில் டங்ஸ்டன், பேட்டரியில் கோபால்ட் என்று எத்தனையோ உலோகங்கள். எல்லாம் எங்கோ ஒரு மலையைக் குடைந்து எடுத்தவை. 'எங்கோ' என்றால் ஆப்பிரிக்காவில் காங்கோ மட்டுமல்ல. நம் அரூர் - ஊத்தங்கரைப் பகுதிப் பாறைகளில் மாலிப்டினம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்திருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த கனிமத் தொகுதிகளில் தமிழ்நாட்டு மாலிப்டினமும் இருந்தது. மதுரை மேலூர்ப் பக்கத்து டங்ஸ்டனும் பிற்பாடு ஏலத்துக்கு வந்தது. அரிட்டாபட்டி மக்கள் திரண்டு எதிர்த்ததால், அந்த டங்ஸ்டன் ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது.

சுரங்கத்தில் அப்படி என்ன கெடுதல் என்கிறீர்களா? தோண்டும் பாறையில் உலோகம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் அரைத்த மாவாகக் குவியும். மாலிப்டினத் தாது கந்தகம் கலந்தது. இப்படிப்பட்ட கழிவின்மேல் காற்றும் மழையும் பட்டால் அமிலம் ஊறலாம். உலோகங்கள் கரைந்து கிணற்றுக்குள் போகலாம். மாலிப்டினம் மிகுந்த புல்லை மேயும் மாட்டுக்கு உடம்பில் செம்புச் சத்து குறைந்து, கழிச்சல் கண்டு, ரோமம் வெளுக்கும். மாட்டை நம்பிப் பிழைக்கிற ஊருக்கு இது சின்ன விஷயமா?

சித்த வைத்தியனான எனக்கு உலோகம் விரோதியல்ல. செம்பும் இரும்பும் எங்கள் மருந்துகளில் உண்டு. ஆனால், கல்லூரியில் முதலில் கற்றுக்கொடுத்தது 'சுத்தி'. முறைப்படி சுத்தி செய்யாத உலோகம் மருந்தல்ல, நஞ்சு! சுரங்கத்துக்கும் அதே விதிதான். 'கழிவை எங்கே கொட்டுவாய், தண்ணீரை எப்படிக் காப்பாய்' என்று கேட்டுப் பதில் வாங்காமல் மண்வெட்டி படக்கூடாது.

செல்போனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால், இவற்றைச் செய்யலாமே:

நன்றாக ஓடுகிற போனை, புது மாடல் வந்துவிட்டது என்பதற்காக மாற்றாதீர்கள். பேட்டரி போனால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

பீரோவில் தூங்கும் பழைய போன்களை, அரசு அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு மையத்தில் கொடுங்கள். அதிலிருக்கும் தங்கமும் செம்பும் மறுபடி பயன்படும். அந்த அளவுக்கு ஒரு மலை தப்பிக்கும்.

செம்புக்காக ஒயரைக் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை குழந்தைகளுக்கு ஆகாது.

உங்கள் ஊருக்குச் சுரங்கப் பேச்சு வந்தால், முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு 'தண்ணீர் முன்பே இப்படித்தான் இருந்தது' என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணிடம், "பல் டாக்டரைப் பாரும்மா, கறையை மறைக்க வழியிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். பல்லில் ஏறியதை மறைக்கலாம். ஊர்க் கிணற்றில் ஏறியதை என்ன செய்வது?