கரண்ட்டே வேண்டாமாம்ல!

டிஸ்கி: கெமிஸ்ட்ரி பிடிக்காதவங்களும் படிக்கலாம். அருவியும் ஊறுகாயும் வருது :-)

ப்ராஜெக்ட் சமயம் வந்தாலே யாராவது ஒருத்தர் "ஃபார்வர்ட் ஆஸ்மோசிஸ்"னு ஸ்லைடு போட்டு, "கரண்ட் இல்லாமலே உப்புத் தண்ணி குடிதண்ணி ஆகும், நம்ம தென்காசிப் பக்கத்து ஊர்களுக்கு வைக்கலாம்"னு முடிப்பாங்க. கைதட்டலும் கிடைக்கும். எனக்கு வயிறு எரியும்.

விஷயம் இதுதான். ஆர்.ஓ.வுல பம்பு வச்சு அழுத்தி, தண்ணிய மட்டும் சவ்வு வழியா தள்ளுறோம். எஃப்.ஓ.வுல பம்புக்குப் பதிலா சவ்வுக்கு அந்தப் பக்கம் இன்னும் காட்டமான ஒரு கரைசல். அது தண்ணிய தானா இழுத்துக்கும். இது வரைக்கும் சரி. ஆனா இழுத்த தண்ணி இப்ப எங்க இருக்கு? அந்தக் காட்டமான கரைசல்ல. அதையா குடிப்பீங்க?

குற்றாலத்துல பேரருவி விழ கரண்ட் வேண்டாம். விழுந்த தண்ணிய திரும்ப மலை மேல ஏத்தணும்னா? கடல் தண்ணியோட சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார். அதுல இருந்து 1000 லிட்டர் நல்ல தண்ணி பிரிக்க, எந்த மெஷினா இருந்தாலும் முக்கால் யூனிட்டுக்குக் குறையாது. இழுக்கும் கரைசல் அதை விடக் காட்டம். அப்போ பிரிக்க இன்னும் கூடத்தான் ஆகும். மீஞ்சூர்ல 2010லயும் நெம்மேலில 2013லயும் ஆர்.ஓ. வச்சவங்க விவரம் தெரியாதவங்க இல்ல சாமி.

அடுத்து ஸ்லைடுல வரவே வராத சமாச்சாரம். மாங்காய்ல உப்பு போட்டா தண்ணி வெளிய வரும், கூடவே உப்பு உள்ள போகும். இல்லேன்னா ஊறுகாய் ஏது? எஃப்.ஓ. சவ்வும் அப்படித்தான், உப்பு பின்பக்கமா கசியும். லிட்டருக்கு அரை கிராம் கசிஞ்சாலே 1000 லிட்டருக்கு அரைக் கிலோ போச்சு. "கரைசலைக் காட்டமாக்கினா தண்ணி நிறைய வருமே"ம்பாங்க. வரும், உப்பும் சேர்ந்து கசியும். லிட்டருக்கு எவ்வளவு கசிவுங்கிறது சவ்வோட மேல்தோலையும் எந்த உப்புங்கிறதையும் பொறுத்தது, காட்டத்தைப் பொறுத்தது இல்லைனு 2010லயே யேல் பல்கலைக்கழகத்துல எலிமெலெக் குழு காட்டிட்டாங்க.

எஃப்.ஓ. வேஸ்ட்னு சொல்லல. ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைச்சுக்கிற அழுக்குத் தண்ணிக்கு இது நல்லது. உரக்கரைசலை வச்சு இழுத்து, அப்படியே வயலுக்கு விட்டா பிரிக்கிற வேலையும் மிச்சம். ஆனா அங்கயும் பயிர் தாங்குற அளவுக்கு மேல தண்ணி கலக்கணும். கசியுற நைட்ரஜன் கழிவுத் தண்ணியில போய்ச் சேரும், அதுக்கும் பதில் வேணும்.

அதனால அடுத்த தடவை ஸ்லைடு போடுறப்ப ரெண்டே நம்பர் போடுங்க: லிட்டருக்கு எத்தனை கிராம் கசிஞ்சது, கரைசலைத் திரும்பக் காட்டமாக்க எத்தனை யூனிட் ஆச்சு. அது இல்லாம "கரண்ட் வேண்டாம்"னு எழுதினா கமெண்ட்ல வந்து கேப்பேன்.