மாமா காதில் விழுந்தது

குன்னூர் பஸ் பர்லியார் தாண்டியதும் காது அடைத்துக்கொண்டது. இயர்ஃபோனில் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. வால்யூமை முழுக்க ஏற்றினேன். எச்சில் விழுங்கியதும் 'டப்'! காது திறந்து, தபேலா மண்டைக்குள் இறங்கியது. மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது. காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழாய், விழுங்கும்போது திறந்து அதைச் சரிக்கட்டுகிறது.

மாமாவின் காது அப்படித் திறக்கிற ரகம் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் இலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மெஷின் பக்கத்தில் முப்பது வருஷம் நின்றவர். போனதும் விசாரித்தேன்.

"மாமா, சக்கரை இருக்கா?"

"அக்கறை இல்லாமயா மாப்ளே, காலைலேர்ந்து வாசல்லயே நிக்கறேன்?"

கத்திக் கேட்டேன். கோபம் வந்துவிட்டது. "ஏன் கத்தறே? காது கேக்குது. நீ பேசறதுதான் புரியலே!"

மறுநாள் காது டாக்டர் எங்கள் இருவருக்கும் படம் போட்டு விளக்கினார். நரம்பு சத்தத்தைச் சுமந்து போவதில்லையாம். உள்காதில் நத்தை வடிவத்தில் ஒரு குழாய். அதில் மயிரிழை நுனி வைத்த செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. சத்தம் வந்தால் உள்ளே திரவம் அசையும், இழைகள் வளையும், மின்துடிப்பு பிறக்கும். சுமார் 30,000 இழைகள் கொண்ட செவிநரம்பு அந்தத் துடிப்பைத்தான் மூளைக்கு அனுப்புகிறது. 'இது மாமா, இது மிக்ஸி' என்று தீர்ப்புச் சொல்வது மூளை.

பி.காம். மூளைக்குப் புரிந்தது இது: அந்தச் செல்கள் பிறக்கும்போதே போட்ட டெபாசிட். செத்தால் மறுபடி முளைக்காது. பற்று மட்டும்தான், வரவு கிடையாது. இரைச்சலில் முதலில் காலியாவது கீச்சு ஒலிக்கான செல்கள். 'ச'வின் சீறல் அந்தக் கணக்கில் வருகிறது. அதனால்தான் சக்கரையில் 'ச' வழியிலேயே தொலைந்து, அக்கறை மட்டும் போய்ச் சேர்ந்தது. கத்தினால் அக்கறைதான் பெரிசாகும். காது மெஷின் உதவும். கூடவே எதிரில் உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசவேண்டும்.

85 டெசிபல் என்றால் தினம் 8 மணி நேரம் எல்லை. 3 ஏறினால் நேரம் பாதி என்றார் டாக்டர். ஆபீஸ் ரயிலில் காதைப் பொத்திப் பாட்டு கேட்கும் சகோதரர்களே, பாஸ்புக்கைக் கொஞ்சம் பாருங்கள். நான் இயர்ஃபோனைப் பைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கிளம்புமுன் மாமா எதிரே உட்கார்ந்தேன். "சக்கரை... இருக்கா... மாமா?"

என் உதட்டையே பார்த்தார். சிரித்தார்.

"இல்லே மாப்ளே. அக்கறை மட்டும்தான்."