மணிக்கட்டை விட்டுவைக்கலாமே

முரளிதரன் என்றாலே முழங்கையைத்தான் பேசுகிறோம். பிறவியிலேயே அவருக்கு அது முழுதாக நீளாது. 1995இல் மெல்பர்னில் நடுவர் 7 முறை 'நோ பால்' கொடுத்தார். 2004இல் கை மடங்காதபடி கவசம் மாட்டிக்கொண்டு வீசிக் காட்டினார். அப்போதும் பந்து திரும்பியது!

வித்தை மணிக்கட்டில் இருக்கிறது. மற்ற ஆஃப் ஸ்பின்னர்கள் பெரும்பாலும் விரலால் திருகுவார்கள். இவரோ பந்தை விடும் நொடியில் மணிக்கட்டையே சுழற்றிவிடுவார். 800 டெஸ்ட் விக்கெட் சும்மா வருமா?

இன்று பத்து வயதுப் பையன் கொஞ்சம் கோணலாகப் போட்டாலே பயிற்சியாளர்கள் அதட்டுகிறார்கள். எறிகிறானா என்று பாருங்கள், தப்பில்லை. பந்தை விடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. மணிக்கட்டுக்கு அப்படி விதி ஏதும் இல்லையே, ஐயா. அதை ஏன் திருத்துகிறீர்கள்?