ஏறிய ஒன்றரை கிலோ யார் கணக்கில்?

டயட் சார்ட் விற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "ஏழே நாளில் மூன்று கிலோ" என்று விளம்பரம் செய்கிறீர்களே, அந்த மூன்று கிலோ எங்கே போனது? கொழுப்பு கரைந்தது என்பார்கள். அதில் பெரும்பகுதி கழிவறையில் சிறுநீராகப் போனது. அதே தண்ணீர், டயட்டை முடித்து ஒரு பெண் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பிக்கும் வாரத்தில் உடம்புக்குத் திரும்பி வருகிறது. அப்போது மட்டும் அதற்கு வேறு பெயர்: "உங்களுக்குக் கட்டுப்பாடு இல்ல மேடம்." போனபோது அவர்கள் வரவில் எழுதிய தண்ணீரை, வரும்போது நம் குற்றத்தில் எழுதுகிறார்கள்.

கல்யாணத் தேதி குறித்தபின் டயட்டில் இறங்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். நம் எல்லோருக்கும் தெரிந்தவள்தான். மூன்று மாதம், நாளொன்றுக்கு 1,200 கலோரி. சோறு கிடையாது, இட்லி ஒன்றோடு சரி. ஜாக்கெட்டை டெய்லர் இரண்டு முறை பிடித்துத் தைத்துவிட்டார். கல்யாணம் முடிந்தது. இனி எடையைக் குறைக்க வேண்டாம், இருப்பது இருந்தால் போதும் என்று 1,800 கலோரிக்குப் போகிறாள். அவள் வயதுக்கும் உயரத்துக்கும் நியாயமான அளவு அது. மூன்றாம் நாள் காலை மெஷினில் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது. "என்ன அண்ணி, கல்யாணச் சாப்பாடு நல்லா ஒட்டிருச்சு போல" என்று நாத்தனார் சிரிக்கிறாள். அன்றைக்குக் காலை அவள் வெறும் காபியோடு எழுந்துவிடுகிறாள். முதல் டயட்டை ஊருக்குச் சொல்லிச் செய்தாள். இந்த இரண்டாவதை யாருக்கும் சொல்லாமல் செய்கிறாள். பகலில் பட்டினி, இரவு பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டே மிச்சச் சோறு, மறுநாள் குற்றவுணர்ச்சி, மறுபடி பட்டினி. எத்தனையோ பெண்களின் இருபதுகளையும் முப்பதுகளையும் தின்றுவிட்ட இந்தச் சுழல், மெஷினில் கூடிய ஒன்றரை கிலோவைத் தப்பாகப் படித்த இடத்தில்தான் பல நேரம் தொடங்குகிறது.

எனவே அதைச் சரியாகப் படிப்போம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஒன்றரை கிலோவுக்கு 11,550. ஒரு இட்லிக்கு 60 கலோரி என்று வைத்தால் 190 இட்லிக்கு மேல். அதுவும் உடம்பின் அன்றாடத் தேவைக்கு மேல், மூன்றே நாளில். புதுப்பெண் மூன்று நாளில் 190 இட்லியைக் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால் நாத்தனார் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டாள். அவள் கூட்டியது நாளுக்கு 600 கலோரி. அதுவும் மிச்சமாகவில்லை, மூன்று மாதமாக உடம்பு பட்டுவந்த பற்றாக்குறையை நிறுத்தவே செலவாகிறது. அப்படியானால் மெஷின் பொய் சொல்கிறதா? இல்லை. எடை உண்மையாகவே கூடியிருக்கிறது. ஆனால் கூடியது கொழுப்பு என்று மெஷின் எங்கும் சொல்லவில்லை.

நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் சேர்த்து வைக்கின்றன. சமையலறை டப்பாவில் அன்றாடச் செலவுக்குப் போட்டு வைக்கும் சில்லறை மாதிரி. பெரியவர்கள் உடம்பில் இது சில நூறு கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்திய முதல் சில நாட்களில் உடம்பு இந்தச் சில்லறையைத்தான் செலவழிக்கிறது, கூடவே தண்ணீரும் இறங்கிவிடுகிறது. மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் குறைகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றுகிறது. விளம்பரத்தில் வரும் முதல் வார அதிசயம் இவ்வளவுதான். சோறு திரும்பி வந்ததும் இதே கதை பின்னோக்கி ஓடுகிறது. 300 கிராம் கிளைக்கோஜன் நிரம்பினால் தண்ணீரோடு சேர்த்து 1,200 கிராம். மிச்ச 300 கிராமுக்கு ஊறுகாயும் அப்பளமும் கொண்டுவரும் உப்பு போதும். குடலில் இப்போது முன்பைவிடக் கூடுதலாக உணவும் இருக்கிறது. ஒன்றரை கிலோவுக்குக் கணக்கு தீர்ந்துவிட்டது. கொழுப்புக்கு அதில் இடமே வரவில்லை.

இந்த நீர் கெட்ட நீரும் இல்லை. டப்பா நிரம்பியதால்தான் மாடிப்படி ஏறும்போது கால் துவளாமல் இருக்கிறது. உடம்பு தன் பொருளை எடுத்து வைத்துக்கொள்வதைத் தோல்வி என்று ஒரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பதுதான் என் சண்டை.

இன்னொன்றும் உண்டு. பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் நீர் தங்கி, ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரைகூட எடை கூடும். உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் இறங்கிவிடும். சிலருக்குக் கூடுவதே இல்லை. இது நம் உடம்பின் மாத நாட்காட்டி. ஆனால் நம்மிடம் தரப்படும் சார்ட்டில் வாரா வாரம் திங்கட்கிழமை எடை எழுதக் கட்டம் இருக்கும், சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று எழுத ஒரு கட்டம் இருக்காது. மாதவிடாயே இல்லாத உடம்பை மனதில் வைத்து அச்சடித்த சார்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் நேர்கோட்டில் இறங்கவில்லை என்று நம்மைக் கேட்கிறார்கள்.

உணவைக் குறைத்த உடம்பு மறுபடி சாப்பிடும்போது என்ன செய்கிறது என்று மிக விரிவாகக் கவனித்த ஆய்வு ஆண்களை வைத்து நடந்தது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்தியது. போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்று அறிவதே நோக்கம். 24 வாரம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, எரிச்சல், சோர்வு. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். உணவு திரும்பக் கிடைத்தபோது பலருக்கு வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகக் கொழுப்பு சேர்ந்து, பல மாதம் கழித்துத்தான் நிலைக்கு வந்தது. இந்த ஆண்களை யாரும் கட்டுப்பாடு இல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. 1950இல் ஆய்வு நூலாக வந்தபோது அதன் தலைப்பிலேயே 'பட்டினி' என்ற சொல் இருந்தது.

ஆண்களுக்கு 1,570 பட்டினி. பெண்களுக்கு 1,200 டயட். ஆண்களின் உடம்பு பெரிது, அவர்களுக்குத் தேவை அதிகம் என்று ஒருவர் மறுக்கலாம், நியாயம்தான். ஆனால் அந்த வித்தியாசம் எண்ணுக்குத்தான் விளக்கம், பெயருக்கு விளக்கம் ஆகாது. 1,200 என்ற அளவைப் பெண்களிடம் கொண்டு சேர்த்ததில் 1918இல் வந்த ஒரு புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எழுதியவர் லுலு ஹண்ட் பீட்டர்ஸ் என்ற கலிஃபோர்னியப் பெண் மருத்துவர். கலோரி எண்ணுவதை வீட்டுப் பெண்களின் பழக்கமாக்கிய நூல் அது. நூறு ஆண்டு கடந்து, ஆளின் உயரமோ வயதோ வேலையோ பாராமல், காலையில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கும் பெண்ணுக்கும் கணினி முன்னால் உட்காரும் பெண்ணுக்கும் அதே எண்ணைத்தான் நம் ஊர் ஜிம்களும் எழுதிக்கொடுக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சார்ட் எழுதுகிறவர் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கிறாரா?

வியாபாரத்துக்கு வருவோம். 1963இல் நியூயார்க்கில் ஒரு பெண் தன் தோழிகளைக் கூட்டித் தொடங்கிய எடைக்குறைப்பு நிறுவனம் வெயிட் வாட்சர்ஸ். 1978இல் அதை வாங்கியது தக்காளி கெட்ச்சப்புக்குப் பேர்போன ஹைன்ஸ். 2000 ஏப்ரலில் யூனிலீவர் நிறுவனம் ஒரே நாளில் இரண்டு கம்பெனிகளை வாங்குவதாக அறிவித்தது. ஒன்று ஸ்லிம்-ஃபாஸ்ட், எடை குறைக்கும் பானம். மற்றது பென் அண்ட் ஜெர்ரிஸ், ஐஸ்கிரீம். சதி என்று சொல்லவரவில்லை, சதி செய்யத் தேவையே இல்லை. குறைந்த எடையில் நிலைத்துவிட்ட பெண் இந்த வியாபாரத்துக்கு இழந்த வாடிக்கையாளர். மெஷினைப் பார்த்து பயந்து திரும்பி வருகிறவள்தான் லாபம். அதனால்தான் இறங்கும் வழிக்கு நாற்பது பக்கம் எழுதுகிறவர்கள், இறங்கியபின் எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு அரைப் பக்கம்கூட எழுதுவதில்லை. (பழைய ரயில் நிலைய எடை இயந்திரம் இவர்களைவிட நேர்மையானது. காசு போட்டால் எடையோடு ராசிபலனும் அச்சடித்த அட்டை வரும். அதில் எது அறிவியல், எது பலன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.)

திரும்ப ஏறுவதெல்லாம் வெறும் தண்ணீர் என்று சொல்லி முடித்துவிட்டால் நானும் ஒரு விளம்பரக்காரியாகிவிடுவேன். குறைந்த உடம்புக்கு முன்பைவிடக் குறைவான கலோரியே தேவைப்படும். கடுமையாகக் குறைத்தால் உடம்பு அதற்கும் கீழே செலவைச் சுருக்கிக்கொள்ளும். எடையை வேகமாகக் குறைக்கும் போட்டியாக ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி 'தி பிகஸ்ட் லூசர்'. அதில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு எடை கூடியிருந்தது. ஓய்வில் அவர்கள் உடம்பு எரிக்கும் கலோரி, எதிர்பார்க்க வேண்டியதைவிடச் சராசரியாக 500 குறைவு. அது மிகக் கடுமையான உதாரணம். மூன்று மாத டயட் இருந்தவருக்கு இவ்வளவு ஆகாது. ஆனால் எவ்வளவுக்கெவ்வளவு கொடூரமாக இறங்குகிறோமோ அவ்வளவுக்குத் திரும்பும் வழி கடினம். சர்க்கரைக்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ எடை குறைத்தே ஆக வேண்டிய பெண்களுக்குத்தான் இது அதிகம் தெரிய வேண்டும். ஒன்றரை கிலோவைக் கண்டு மறுபடி பட்டினியில் குதிப்பதால் அதிகம் பாதிக்கப்படுவதும் அவர்கள்தான்.

நீரா, சதையா என்று பிரித்தறிய ஒரு நாள் எண் உதவாது. எடை பார்ப்பதென்றால் காலையில் எழுந்து கழிவறை போனபின், எதுவும் சாப்பிடும் முன் பாருங்கள். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் மாதவிடாய் முடிந்த வாரத்தின் சராசரியை அடுத்த மாதம் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். டயட்டை முடித்த முதல் இரண்டு வாரத்து ஏற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது ஏறி நின்ற இடம்தான் உங்கள் தொடக்க எடை. வாரத்துக்கு 100, 200 கலோரியாகக் கூட்டினாலும் சரி, ஒரேயடியாகக் கூட்டினாலும் சரி, டப்பா நிரம்பத்தான் செய்யும். அதற்குப் பிறகும் மாதத்துக்கு மாதம் சராசரி விடாமல் ஏறினால், அப்போது சாப்பாட்டு அளவை யோசிக்கலாம். எண்ணைப் பார்த்தாலே அன்றைய சாப்பாடு நின்றுவிடும் என்கிறவர்கள் மெஷினைப் பரணில் போட்டுவிடலாம், பாவாடை நாடா போதிய தகவல் சொல்லும்.

காலில் வீக்கம், மூச்சுத்திணறல், மாதவிடாய் நின்றுபோவது, இவற்றுக்கெல்லாம் மருத்துவரிடம்தான் போக வேண்டும், ட்ரெயினரிடம் அல்ல. நெடுநாள் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிட ஆரம்பிப்பதும் ஆபத்து. அதையும் மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை யாராவது ஒரு சார்ட்டை நீட்டினால், பணம் கொடுப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மூன்று மாதம் முடிந்த மறுநாள் காலையில் நான் என்ன சாப்பிட வேண்டும், அந்த வாரம் எடை எவ்வளவு கூடும், அதில் தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள். "அது உங்க கையிலதான் மேடம் இருக்கு" என்று பதில் வந்தால் பாதி விலைதான் கொடுக்க முடியும் என்று சொல்லுங்கள், அவர்கள் விற்பது பாதி டயட்தான்.