தீர்மானத்தை வாசிக்கச் சொல்லுங்கள்
ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஆசிரியர் இடம் காலியானால் தொகுப்பூதியத்தில் ஒருவரை அமர்த்துகிறார்கள். கல்வியாண்டு முடிந்ததும் அவரும் போய்விடுகிறார். கட்டட வேலையைத் தாட்கோ செய்கிறது. மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார் என்று பெற்றோரிடம் சொல்வது அபூர்வம்.

கல்வி உரிமைச் சட்டம், 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அக்குழு எழுதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசு நிதிக்கு அடிப்படை என்கிறது 22-வது பிரிவு. நம் தாய்மார்களோ கூலி போய்விடுமே என்ற அவசரத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் போட்டுத் திரும்புகிறார்கள். (அழைப்பே வராத ஊர்களும் உண்டு.) கூட்டத்தை மாலையில் நடத்த வேண்டும் என்கிறோம். காலிப் பணியிடமும் மாணவியர் கழிப்பறையும் தீர்மானத்தில் ஏறட்டும். கல்லூரி மாணவர்கள் உடன் சென்று அதை உரக்க வாசித்துக் காட்டட்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.